நினைவின் பாடபேதங்கள்

என் தாயார் மறைந்து ஓராண்டு நிறைந்தபோது, இருபத்துநான்கு பக்க அளவில் ஒரு நினைவு மலர் அச்சிட்டு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வழங்கினேன். அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி. 2001-ஆம் ஆண்டு முதுகலைத் தமிழில் எனக்கு இடம் கிடைத்தது. கட்டணம் கட்டக் கையில் காசில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். அதை அடகு வைத்துத்தான் நான் கல்லூரிப் படியேறினேன். அடுப்பு வெளிச்சத்தில் அம்மாவின் வெறுங்கழுத்து தெரிந்ததாகவும் எழுதியிருந்தேன். படித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டே பேசினார்கள். கண் கலங்கியதாகச் சொன்னவர்களும் உண்டு. எழுதும்போது எனக்கே கலங்கியது.

சென்ற ஆண்டு, ஊர் வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்காகச் சாமான்களை ஒழித்தபோது, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய தீர்வை ரசீதுகளுக்கு நடுவே ஓர் அடகுச் சீட்டு கிடைத்தது. 2001 ஜூன் மாதத் தேதி. தொகை 1,400 ரூபாய். பொருள் என்ற இடத்தில் சங்கிலி இல்லை. ‘கம்மல் 1 ஜோடி’ என்றிருந்தது. அம்மா கம்மல் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் அணிந்திருந்தது கல் வைத்த தோடு. கடைசிவரை அது அவர் காதிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் கம்மல் போட்டிருந்தவர் அக்கா ஒருவர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், கூலியில் மிச்சம் பிடித்துத் தாமே வாங்கிய கம்மல். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு நினைவில் எழுந்தது சங்கிலியன்று. அக்காவின் காதுத் துளையில் செருகியிருந்த வேப்பங்குச்சி. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வைத்துக்கொள்வது. அந்தக் குச்சியை நான் மறக்கவில்லை. குச்சி ஏன் வந்தது என்பதைத்தான் மறந்திருக்கிறேன். நகையை யாரும் திருப்பவில்லை, மூழ்கிப்போயிற்று. (திருப்பியிருந்தால் சீட்டு கடைக்காரரிடம் அல்லவா போயிருக்கும்!)

நான் தமிழாசிரியன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை இளங்கலை மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். எதை மறக்கக்கூடாது, எதை அன்றைக்கே மறந்துவிட வேண்டும் என்று வள்ளுவர் வகுத்ததை விளக்கும்போதெல்லாம், மறப்பதும் மறவாதிருப்பதும் நம் கையில் இருப்பவை என்ற நம்பிக்கையோடுதான் விளக்கியிருக்கிறேன். அந்த நம்பிக்கை இப்போது ஆட்டங்கண்டிருக்கிறது. நான் நன்றி மறந்தவனா? மறக்கவில்லையே. நெஞ்சு நிறைய நன்றியோடுதான் அந்த மூன்றாம் பக்கத்தை எழுதினேன். நன்றி பத்திரமாக இருந்தது. அது போய்ச்சேர வேண்டிய முகவரி மாறிவிட்டது. இப்படி ஒரு பிழைக்கு நம் நீதிநூல்களில் பெயர் இல்லை.

மறதி என்றாலே நாம் ஓட்டைப் பானையை எண்ணுகிறோம். நன்னூலார் கடைமாணாக்கரைச் சொல்லும்போது இல்லிக்குடத்தை உவமையாக்கியது நமக்கெல்லாம் தெரிந்தது. ஊற்றியது ஒழுகிப்போகிறது, அவ்வளவுதான். இந்த ஒழுக்கை முதன்முதலில் அளந்து பார்த்தவர் எபிங்காஸ் என்னும் ஜெர்மானியர். பொருளற்ற மூன்றெழுத்து அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, அவற்றைப் பட்டியல் பட்டியலாகத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை காலம் கழித்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று கணக்கெடுத்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். மீண்டும் மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு தங்கியிருக்கிறது. முதலில் வேகமாகவும் பின்னர் மிக மெதுவாகவும் ஒழுகும் குடம். தேர்வுக்கு முதல் நாள் இரவு படிக்கும் என் மாணவர்களுக்கு இந்த வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது வழக்கம். அவர்கள் அதையும் மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் எபிங்காஸ் எடுத்துக்கொண்டவை பொருளற்ற அசைகள். பொருளற்றது ஒழுகும். பொருளுள்ளதோ ஒழுகுவதில்லை, அது உருமாறும். என் சங்கிலி ஒழுகிப்போன நினைவன்று. இல்லாத ஒன்று, இருந்ததைவிட அழகாக, அடுப்பு வெளிச்சத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது. இதைக் குடம் என்னும் உவமை விளக்காது.

எனக்குப் பொருத்தமாகப்படுவது ஏட்டுச்சுவடி. பனையோலைக்கு ஆயுள் குறைவு. கரையானும் ஈரமும் விட்டுவைத்தால் சில நூறாண்டுகள். ஆகவே ஒரு நூல் பிழைத்திருக்க வேண்டுமானால் அதைத் தலைமுறைதோறும் படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படியெடுக்கப்படாதது அழியும், அதுவே ஒரு மொழியின் மறதி. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நம் கைக்கு வராமல், புறத்திரட்டு போன்ற தொகுப்புகளிலும் உரைகளிலும் சிதறிய பாடல்களாக மட்டும் வந்தது இப்படித்தான். ஆனால் படியெடுக்கப்பட்டதும் அப்படியே வருவதில்லை. எழுதுகிறவன் கண் அயரும். ஒரு வரி தாவும். கொம்பும் காலும் மாறும். இவற்றைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. தனக்குப் பொருள் விளங்காத அருஞ்சொல் வரும்போது, எழுதுகிறவன் தன்னையறியாமலே தனக்குத் தெரிந்த சொல்லை அங்கே வைத்துவிடுகிறான். அவன் பொய் எழுதவில்லை. பிழை திருத்துவதாகவே நினைக்கிறான். வரியும் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. அதனால்தான் மூலபாட ஆய்வில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இரு பாடங்கள் கிடைத்து, மற்றவையெல்லாம் சமமாக இருக்குமானால், எளிய பாடத்தை ஐயுறு, அரிய பாடமே மூலமாக இருக்க வாய்ப்பு மிகுதி. எளியதை அரியதாக மாற்ற யாருக்கும் தோன்றாது. அரியதை எளியதாக மாற்றுவது கைக்கு இயல்பு.

நினைவும் படியெடுப்புத்தான் என்பதற்கு இன்று ஆய்வகச் சான்றும் இருக்கிறது. கரீம் நாடர், ஜோசப் லெடூ முதலியோர் எலிகளிடம் செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை அது. ஓர் ஒலியைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று எலி கற்றுக்கொள்கிறது. அந்த நினைவு உறுதிப்பட்ட பின், ஒருமுறை அதை எழுப்பிவிட்டு, உடனே மூளையின் அச்சத்திற்குரிய பகுதியில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், எலி பின்னர் அஞ்சுவதில்லை. எழுப்பாமல் மருந்தை மட்டும் செலுத்தினால் நினைவு அப்படியே இருக்கிறது. அதாவது, ஒரு நினைவை எடுக்கும்போது அது இளகிவிடுகிறது. திரும்ப வைக்கும்போது புதிதாக எழுதப்பட வேண்டியிருக்கிறது. மனிதருக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி மெருகேறிய ஒரு குடும்பக் கதையைத் தன் வீட்டில் கேட்டிருக்கும் எவருக்கும் இதை நம்புவது கடினமில்லை. அடிக்கடி நினைப்பதால் நினைவு காப்பாற்றப்படுகிறது என்று நம்பியிருந்தோம். காப்பாற்றத்தான் படுகிறது, படியெடுப்புப் பிழைகளோடு.

பிழை எந்தப் பக்கம் சாயும்? இதற்கு விடை சொன்னவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பார்ட்லெட். 1932-இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு சோதனை வருகிறது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குக் கொடுத்துப் படிக்கச் செய்து, பின்னர் வெவ்வேறு இடைவெளிகளில் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். ஆவிகள் வரும், முன்பின் தொடர்பற்றதாக அவர்களுக்குத் தோன்றும் கதை அது. சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. கட்டுமரம் போன்ற அந்நாட்டு ஓடம் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. ஆவிகள் மெல்ல ஒதுங்கிக்கொண்டன. காரணகாரியம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அதாவது, ஆங்கிலேயன் ஒருவன் எழுதக்கூடிய கதையாக அது மாறிக்கொண்டே போயிற்று. ஏடு எழுதியவன் கையில் நடந்த அதே காரியம்.

என் விஷயத்திலும் வேறென்ன நடந்தது? அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது உண்மையே. அது நாலைந்து ஆண்டுகளுக்கு முன், அப்பாவின் வைத்தியச் செலவுக்கு. அந்த வெறுங்கழுத்தை அன்றுதான் பார்த்திருக்க வேண்டும். இரண்டு அடகுகளும் ஒன்றாகி, ஒன்றின் பொருள் மற்றொன்றின் காரணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஏன் மகனுடைய படிப்புக்குக் கொடுத்தவர் அம்மா ஆனார்? ஏனென்றால் தமிழில் அதுதான் எளிய பாடம். நம் திரைப்படங்களிலும் சிறுகதைகளிலும் பாராட்டுவிழா மேடைகளிலும் மகனைப் படிக்க வைக்கத் தாய் நகையைக் கழற்றுகிறாள். நூறு முறை கேட்ட கதை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அக்கா, தன் கூலியில் தானே வாங்கிய ஒரே நகையைத் தம்பியின் கட்டணத்துக்குக் கொடுத்துவிட்டுக் காதில் குச்சி செருகிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள் என்பது அரிய பாடம். அதற்கு நம்மிடம் தயாரான வாசகம் இல்லை. தாயின் தியாகத்துக்கு இலக்கியம் உண்டு. தமக்கையின் கூலிக்குக் கணக்கு நோட்டுகூடக் கிடையாது. என் நினைவு தனக்குத் தெரிந்த சொல்லை வைத்து வரியை நிரப்பிக்கொண்டது. வரி தங்குதடையில்லாமல் ஓடியது. வாசகர்களும் கண்கலங்கினார்கள்.

தொகுத்தவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவர்கள் என்று எனக்குப் படுவதுண்டு. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பாடியவர் பெயர் தொகுத்தபோதே யாருக்கும் தெரியவில்லை. பாட்டு இருந்தது, ஆள் இல்லை. தெரிந்த ஒரு பெரும்புலவர் பெயரை அதன் தலையில் கட்டியிருக்கலாம். கபிலரோ பரணரோ அதனால் குறைந்துவிடப் போவதில்லை. அப்படிச் செய்யாமல், பாட்டில் இருந்த உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டார்கள். தேய்புரிப் பழங்கயிற்றினார், அணிலாடு முன்றிலார், விட்டகுதிரையார், ஓரேருழவனார் எல்லாரும் இவ்வாறு பெயர் தொலைந்து, ஓர் உவமையில் அல்லது தொடரில் தங்கியவர்கள். மறந்ததை மறந்ததாகவே காட்டும் பெயர்கள் இவை.

(பெயர்தான் முதலில் போகும் என்பதும் உண்மைதான். பழைய மாணவர் ஒருவர் பேருந்து நிலையத்தில் வந்து கும்பிடுகிறார். அவர் உட்கார்ந்த வரிசை தெரிகிறது, யாப்பருங்கலக் காரிகை வகுப்பில் தூங்கியது தெரிகிறது, பெயர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறது. பிரித்தானிய உளவியலாளர் சிலர் 1987-இல் இதைச் சோதித்தார்கள். ஒரே முகத்தைக் காட்டி, இவர் பெயர் பேக்கர் என்று சொன்னால் மறந்துபோகிறது; இவர் ரொட்டி சுடும் பேக்கர் என்று சொன்னால் நினைவிருக்கிறது. சொல் ஒன்றேதான். தொழிலுக்கு அடுப்பும் மணமும் மாவு படிந்த கையும் துணைவருகின்றன. பெயருக்கு எதுவும் துணையில்லை. ஆகவே பெயரை மறந்தால் அன்பு குறைந்துவிட்டதாக யாரும் வருந்த வேண்டாம். செம்புலப்பெயனீரார் விஷயத்தில் இரண்டாயிரம் ஆண்டு அளவில் நடந்ததும் இதுதான்.)

வகுப்பறையில் மனப்பாடத்தை இழிவாகப் பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நானும் பேசியிருக்கிறேன். ஆனால் நம் முன்னோர் மனப்பாடம் செய்தவை யாப்பில் இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம். எதுகையும் மோனையும் அழகுக்காக மட்டும் இருப்பவை அல்ல. வெண்பாவில் ஒரு சீரைத் தவறாகச் சொல்லிப் பாருங்கள். எதுகை இடறும், அல்லது தளை தட்டும். சொல்லுகிறவனின் காதே அவனைப் பிடித்துக் கொடுத்துவிடும். அந்தாதி இன்னும் கறாரானது; ஒரு பாட்டை விட்டுவிட்டால் அடுத்ததற்கு வாசல் திறக்காது. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தியபோது, அவருக்குத் துணைநின்றவற்றில் இந்த யாப்புக் கட்டுமானத்திற்கும் பங்கிருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அன்றாட வாழ்க்கை உரைநடையில் நடக்கிறது. அதில் சங்கிலி வர வேண்டிய இடமா, கம்மல் வர வேண்டிய இடமா என்று தட்டிக் காட்ட எந்தத் தளையும் இல்லை.

இதனால்தான் ‘எனக்கு நன்றாக நினைவிருக்கிறது’ என்னும் வாக்கியத்தைக் கண்டால் இப்போது எனக்குச் சிறிது பயம் வருகிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்னும் உளவியலாளர், அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் நாற்பத்துநான்கு பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முழுக்கவே தவறான கதையைச் சொன்னார்கள். அதுவும் மிகுந்த உறுதியோடு. வகுப்பறையில் கேட்டவர், விடுதி அறையில் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார். பின்னர் அவர்கள் கையாலேயே எழுதிய பழைய தாள்களைக் காட்டியபோது திகைத்தார்களே தவிர, பழைய நினைவு திரும்பவில்லை. அது எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அதன் இடத்தில் வேறொன்று இருந்தது. எனக்குக் குச்சியாவது நினைவிருந்தது.

நம் சிற்றிதழ் உலகத்துக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். மூத்த எழுத்தாளர் ஒருவர் மறைந்தால் மறுவாரமே அஞ்சலிக் கட்டுரைகள் வரத் தொடங்குகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தேநீர்க் கடையில் அவர் சொன்னது மேற்கோள் குறிக்குள் வரும், பத்து வரிக்குக் குறையாமல். பெரும்பாலும் அந்தப் பத்து வரியில் கட்டுரையாளரின் முதல் தொகுப்பைப் பற்றிய பாராட்டு ஒன்று இருக்கும். எழுதுகிறவர் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. என் மூன்றாம் பக்கத்தைப் போல அவரும் கண்கலங்கியே எழுதியிருப்பார். ஆனால் இந்தக் கட்டுரைகளை அடுத்த தலைமுறை ஆய்வாளர் அடிக்குறிப்பாக எடுத்தாள்கிறார்; அங்கிருந்து அது இலக்கிய வரலாறாகிறது. யாருக்கும் ஒரு சீட்டு கேட்கத் தோன்றுவதில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் அவருடைய விருப்புவெறுப்பு இல்லையா என்றால் ஏராளமாக உண்டு. ஆனால் நடந்த சூட்டில் எழுதியது. நினைவு அதைப் பலமுறை படியெடுப்பதற்குள் மை காய்ந்துவிட்டது. உ.வே.சா. ‘என் சரித்திரம்’ எழுதியது எண்பத்தைந்து வயதில். ஆனந்த விகடனில் 1940-இல் தொடங்கி, 1942-இல் அவர் மறைந்ததனால் முற்றுப்பெறாமல் நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு முந்திய உரையாடல்களை அவ்வளவு துலக்கமாக அவர் எழுதுவதைப் படிக்கும்போது, ஓர் இளைஞனாக நான் வியந்ததுண்டு. இன்று சற்று வேறுவிதமாகப் படிக்கிறேன். கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியும், தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் இவர் அடுக்கியதும், சிந்தாமணி படித்ததுண்டா என்றபோது திகைத்ததும் சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்திருக்குமா? இருக்காது என்பதே என் துணிபு. அந்தச் சந்திப்பை அவர் வாழ்நாளெல்லாம் எத்தனை முறை நினைத்திருப்பார்! ஆனால் உ.வே.சா. நம்மைப் போன்றவர் அல்லர். தமக்கு வந்த கடிதங்களைப் பேணிவைத்தவர். சுவடிக்குச் சுவடி ஒப்பிட்டு, தமக்குப் பிடித்த பாடத்தை மேலே வைத்தபோதும் பிடிக்காத பாடத்தைக் கீழே குறித்துவைத்தவர். நினைவைப் பற்றி அவரிடம் கற்க வேண்டியது அந்த அடிக்குறிப்புப் பழக்கந்தான். தன்வரலாறு எழுதுகிறவர்கள் ‘என் தங்கை இதை வேறுவிதமாகச் சொல்கிறாள்’ என்று ஓர் அடிக்குறிப்பு போட்டால் நூல் ஒன்றும் மதிப்பிழந்துவிடாது.

மறதியை ஒரேயடியாகக் குறைசொல்வதற்கும் நான் வரவில்லை. எதையும் மறக்க முடியாதவர் ஒருவரைப் பற்றி ருஷ்ய உளவியலாளர் லூரியா எழுதியிருக்கிறார். ஷெரெஷெவ்ஸ்கி என்பது அவர் பெயர். பொருளற்ற நீண்ட பட்டியல்களைப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் ஒப்பிப்பார். அவருக்குக் கவிதை படிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே ஒரு காட்சியை எழுப்பிவிடுவதால் உருவகம் பிடிபடுவதில்லை. வேண்டாத நினைவுகளைத் தாளில் எழுதி எரித்துப் பார்த்தாராம்; சாம்பலிலும் எழுத்து தெரிந்ததாம். போர்ஹெஸ் இதே நிலையை 1942-இல் ஃபுனெஸ் என்னும் கதாபாத்திரமாகக் கற்பனை செய்தார் என்பது இவ்விதழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவிதை படிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் மறக்கவும் வேண்டும். அந்த அளவில் எனக்கு மறதியோடு சண்டை இல்லை.

சகுந்தலையின் கதைக்கு வருகிறேன். காளிதாசன் நாடகத்தில் துஷ்யந்தன் அவளை மறக்கிறான். துர்வாசரின் சாபம், மோதிரம், மீன் எல்லாம் நாம் அறிந்தவை. மகாபாரதத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே அரசன் மறக்கவில்லை. அவளைத் தெரிந்தே, சபையில் தெரியாது என்கிறான். காளிதாசன் தன் நாயகனைக் காப்பாற்ற ஒரு பொய்யை மறதியாக மாற்றினான். மறதி அவ்வளவு வசதியானது. இதைப் பலமுறை வகுப்பில் ஒப்பிலக்கியச் செய்தியாகச் சொல்லியிருக்கிறேன்.

சீட்டு கிடைத்த அன்று மாலையே அக்காவுக்குத் தொலைபேசினேன். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “பொஸ்தகத்துல படிச்சப்பவே பாத்தேன் தம்பி. நீ நெசமாவே மறந்துட்டியா, இல்ல மறந்த மாதிரி எழுதிருக்கியான்னுதான் எனக்குத் தெரியல. அதான் கேக்கல” என்றார். கல்லூரியில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். நிஜமாகவே மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்தே மறைத்திருந்தால் அவரை நினைத்தாவது இருந்திருப்பேன் அல்லவா?

கொஞ்சநேரம் கழித்து அவரே தொடர்ந்தார். கம்மலை அடகு வைக்க அப்பாவோடு நானும் போனேனாம். கடைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேனாம். அன்று நல்ல மழையாம். எனக்கு அப்படி ஒரு நாள் நினைவிலேயே இல்லை. ஜூன் மாதத்தில் எங்கள் கரிசல் ஊரில் நல்ல மழை பெய்வது அபூர்வம். அதைச் சொல்ல வாயெடுத்துவிட்டுச் சொல்லாமல் விட்டேன்.

நினைவு மலர்ப் படிகள் இன்னும் நாற்பதுக்கு மேல் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்றாம் பக்கத்தைப் பேனாவால் திருத்தினேன். சங்கிலியை அடித்துவிட்டுக் கம்மல் என்றும், அம்மா என்பதை அடித்துவிட்டு அக்கா என்றும் எழுதினேன். அடுப்பு வெளிச்சத்து வரியை முழுவதுமாக நீக்கிவிட்டேன். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், அன்று மழை பெய்ததாகவும் நான் உடன் சென்றதாகவும் அக்கா சொல்கிறார் என்று ஒரு குறிப்புச் சேர்த்தேன். முதல் படியை அவருக்கே அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். முன்பே கொடுத்துவிட்ட இருநூற்றுச் சொச்சம் படிகளில் சங்கிலிதான் இருக்கிறது.